மானியமும் மருத்துவிச்சியும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளிலே 1940ஆம் ஆண்டில், ஓரிலட்சம் உயிர்ப் பிறப்புகளுக்கு ஏறத்தாழ 320 வெள்ளையினத் தாய்மார் பேறுகாலத்தில் இறந்தனர். வெள்ளையரல்லாதார் என்று அக்காலக் கணக்கேடுகள் குறித்த தாய்மாருள் இறந்தோர் ஏறத்தாழ 774 பேர். இவர்களுட் பெரும்பாலோர் கறுப்பினத்தவரே. 2023ஆம் ஆண்டுக்கென அந்நாட்டு நோய்க்கட்டுப்பாட்டு நிலையம் வெளியிட்ட கணக்கின்படி வெள்ளையினத் தாய்மாரின் மரண வீதம் 14.5; கறுப்பினத் தாய்மாரின் மரண வீதம் 50.3. கணிக்கும் முறைகள் இடையிலே மாறியுள்ளன என்பதை மனங்கொண்டே இவ்வெண்களை ஒப்புநோக்கல் வேண்டும். ஆயினும் அவை கூறும் செய்தியில் மயக்கமில்லை. சல்பா மருந்துகளும், பெனிசிலினும், இரத்த வங்கிகளும் இரு இனத்துத் தாய்மாரையும் காத்தன. மரணம் பன்மடங்கு குறைந்தது. இரு சாராருக்கும் இடையிலுள்ள இடைவெளியோ குறையவில்லை. அன்று இரண்டரை மடங்குக்குச் சற்றுக் குறைவாயிருந்தது, இன்று மூன்றரை மடங்கை அணுகி நிற்கிறது.

வறுமையே இதற்குக் காரணம் என்று சொல்லி அமைதி காண்போர் உளர். வறுமை பெருங்காரணம் என்பதில் ஐயமில்லை. ஆனால் கல்லூரிப் பட்டம் பெற்ற கறுப்பினப் பெண்களையும் அதே பட்டம் பெற்ற வெள்ளையினப் பெண்களையும் ஒப்பிட்டு 2019இல் வெளிவந்த அரசாங்க அறிக்கையொன்று, முன்னவரிடையே மகப்பேறு சார்ந்த மரணம் ஐந்து மடங்குக்கு மேல் எனக் காட்டிற்று. பட்டமும் சம்பளமும் அவர்களைக் காக்கவில்லை. இத்தகைய மரணங்களுள் ஐந்தில் நான்குக்கு மேற்பட்டவை தடுக்கப்படக்கூடியவை என்பதும் அந்நாட்டு அரசாங்கமே ஒப்புக்கொண்ட முடிவு.

தடுக்கக்கூடியதைத் தடுப்பதற்கு அந்நாடு பணம் செலவிடவில்லையா? செலவிட்டிருக்கிறது. ஒரு நூற்றாண்டு காலமாக மகப்பேற்றுக்கென்றும் வைத்தியசாலைக்கென்றும் சமஷ்டி அரசாங்கத்தின் மானியங்கள் தென்மாநிலங்களுக்குச் சென்றுகொண்டே இருந்திருக்கின்றன. அம்மானியங்கள் எவர் கையினூடாகச் சென்றன, கையிலேந்தியவர்கள் அவற்றைக் கொண்டு யாது செய்தனர் என்பதை வரலாற்று நோக்கில் ஆராய்ந்தவர்கள் நம்மிடையே மிகச் சிலரே. அதனை மிசிசிப்பி மாநிலத்தையும் அதன் அயல் மாநிலங்களையும் சான்றாகக் கொண்டு இங்கு நோக்குவோம்.

*

அடிமைக் காலந்தொட்டுத் தென்மாநிலங்களிலே பிள்ளைப்பேறு பார்த்தவர்கள் கறுப்பின மருத்துவிச்சிகளே. தோட்ட முதலாளியின் மனைவிக்கும் அவர்களே, அடிமைப் பெண்ணுக்கும் அவர்களே. அடிமைமுறை சட்டத்தால் ஒழிந்த பின்னரும், குத்தகைக் கமக்காரரின் குடிசைகளுக்கு வைத்தியர் வருவதில்லை. வந்தாலும் அவர் கேட்கும் கூலியைக் கொடுக்க அங்கு காசில்லை. மருத்துவிச்சிக்கோ சில டாலர்கள், அன்றேல் இரண்டு கோழி, ஒரு மூடை சோளம். பல வேளைகளில் அதுவுமில்லை. பிள்ளை பிறந்த பின்னர் சமைத்து, துவைத்து, மூத்த பிள்ளைகளுக்கு உணவூட்டி, தாய் எழுந்து நடமாடும்வரை உடனிருப்பதும் அவள் கடமை. கிராமத்திலே அவள் ஒரு தாயாகவும், தேவாலயத்திலே ஒரு மூப்பியாகவும் மதிக்கப்பட்டாள்.

1912இல் அமெரிக்க அரசாங்கம் சிறுவர் பணியகம் ஒன்றை நிறுவி, ஜூலியா லேத்ரொப் அம்மையாரை அதன் தலைவியாக்கியது. அரசாங்கப் பணியகம் ஒன்றுக்குப் பெண்ணொருவர் தலைமை தாங்கியது அந்நாட்டில் அதுவே முதற்றடவை. ஜோன்ஸ்ரவுன் என்னும் உருக்குத் தொழில் நகரிலே அப்பணியகம் நடத்திய ஆய்வு, தந்தையின் கூலி குறையக் குறையச் சிசுக்களின் மரணம் ஏறுவதை வீடு வீடாகச் சென்று நிறுவியது. பெண்கள் வாக்குரிமை பெற்ற மறு ஆண்டு, 1921இல், ஷெப்பேட்–ரவுனர் சட்டம் நிறைவேறியது. தாய் சேய் நலத்துக்கென ஆண்டுதோறும் ஏறத்தாழ 12 இலட்சம் டாலரைச் சமஷ்டி அரசு மாநிலங்களுக்குப் பகிர்ந்தளிக்க அச்சட்டம் வழிசெய்தது. வைத்தியர்களின் தேசிய சங்கம் இதனைச் சோஷலிசச் சதி என்று தூற்றிற்று. எட்டாண்டுகளில், 1929இல், சட்டம் காலாவதியாக விடப்பட்டது. அதற்கிடையில் நாடெங்கும் ஏறத்தாழ மூவாயிரம் கர்ப்பிணிச் சிகிச்சை நிலையங்கள் தோன்றியிருந்தன. முற்போக்காளர் பெருமையுடன் நினைவுகூரும் சட்டம் இது; பெருமைக்கு உரியதுந்தான்.

ஆனால் தென்மாநிலங்களில் நடந்தது வேறு. பணம் மாநிலச் சுகாதார சபைகளின் கையிற் சென்றது. அச்சபைகளோ வெள்ளையர் மட்டுமே வாக்களிக்கும் அரசாங்கங்களின் அங்கங்கள். மானியத்தின் பெரும்பகுதி கண்காணிப்பாளராக நியமிக்கப்பட்ட தாதியரின் சம்பளத்துக்கும் பயணத்துக்கும் சென்றது. அவர்கள் கிராமங்களுக்குச் சென்று கறுப்பின மருத்துவிச்சிகளைப் பதிவு செய்தனர். மாதாந்தக் கூட்டங்களுக்கு அழைத்தனர். வெள்ளை மேலங்கி, கொதிநீர், பிறந்த சிசுவின் கண்ணுக்கு வெள்ளிநைத்திரேற்றுத் துளி என்பனவற்றைக் கற்பித்தனர். கைப்பையைத் திறந்து சோதித்தனர். துப்புரவு பரவியது, கண்ணோய் குறைந்தது, பிறப்புகள் பதிவாகின. இவற்றைக் குறைத்து மதிப்பிடுதல் நேர்மையாகாது. மருத்துவிச்சிகள் எல்லோரும் கைதேர்ந்தவர்கள் என்று கற்பனை செய்வதும் பிழை. ஆயின் அவர்களுக்கு அம்மானியத்திலிருந்து ஒரு சதமேனும் சம்பளமாகக் கிடைக்கவில்லை. பையையும் மேலங்கியையும் அவர்களே தம் செலவில் வாங்கவேண்டியிருந்தது. ‘தவிர்க்க முடியாத தீங்கு’ என்று அவர்களைக் கருதிய அதிகாரிகள், வைத்தியர் தொகை பெருகும்வரைக்கும் இவர்களைச் சகித்துக்கொள்வது என்ற நோக்கை மறைக்கவுமில்லை. முதியவர்கள் ஓய்வுபெறத் தூண்டப்பட்டனர். அவர்களின் பேத்திமாருக்கு அனுமதிப்பத்திரம் வழங்கத் தயங்கினர்.

அந்த வைத்தியர்களின் திறமை எத்தகையது? நியூயோர்க் மருத்துவக் கழகம் 1933இல் அந்நகரின் தாய்மரணங்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. அவற்றுள் மூன்றில் இரண்டு பங்கு தடுத்திருக்கக்கூடியவை என்றும், அவற்றிற் பெரும்பாலானவற்றுக்குப் பொறுப்பு வைத்தியரே என்றும் அவ்வறிக்கை கூறியது. மருத்துவிச்சியே மரணத்தின் காரணி என்ற கூற்று வைத்தியர்களின் சொந்தக் கழகத்தாலேயே பொய்யாக்கப்பட்டதன் பின்னரும், அக்கூற்றின்மேல் எழுந்த கொள்கை மாறவில்லை.

1953இல் வெளிவந்த ஓர் ஆவணப்படம் இந்த முரண்பாட்டைத் தன்னையறியாமலே பதிவு செய்திருக்கிறது. ஜோர்ஜியா மாநிலச் சுகாதாரத் திணைக்களத்தின் ஆதரவில், மருத்துவிச்சிகளுக்குப் பயிற்சியளிக்கவென ஜோர்ஜ் ஸ்ரோனி எடுத்த ‘என் பிள்ளைகள் எல்லோரும்’ என்ற அப்படத்தின் நாயகி, ஆல்பனி நகரின் மேரி கோலி என்ற கறுப்பின மருத்துவிச்சி. அவரது கைகளின் நிதானமும், தாய்மாரிடம் அவர் பேசும் பரிவும் உலகெங்கும் காட்டப்பட்டன. 2002இல் அப்படம் தேசியத் திரைப்படக் காப்பகப் பட்டியலிலே சேர்க்கப்பட்டது. படம் காப்பகத்தில் இடம்பெற்றது. படத்திலுள்ளவரின் தொழிலோ ஒழிக்கப்பட்டது. அலபாமா மாநிலம் 1976இற் சட்டமியற்றி மரபுவழி மருத்துவிச்சிகளின் அனுமதிக்கு முற்றுப்புள்ளி வைத்தது. கிறீன் மாவட்டத்து மார்கரெட் சார்ள்ஸ் ஸ்மித், ஏறத்தாழ மூவாயிரம் பிள்ளைகளைக் கையேந்தியவர் எனப் போற்றப்படுபவர், அம்மாநிலத்தின் கடைசி மருத்துவிச்சிகளுள் ஒருவரானார்.

நமது நாட்டோடு இவ்வரலாறு தொடுக்கும் இழையொன்றும் உண்டு. 1909இல் றொக்பெல்லரின் பணம் கொக்கிப்புழு ஒழிப்புக்கென அமெரிக்கத் தென்மாநிலங்களிற் பாய்ந்தது. அதே செல்வத்தின் கிளையொன்று 1916இல் மாத்தளைத் தோட்டங்களுக்கு வந்தது. தோட்டத் துரைமார் அதனை வரவேற்றதன் காரணம், இரத்தம் வற்றிய கூலியாள் குறைவாகவே கொழுந்து பறிப்பான் என்ற கணக்கு என்பதில் நமக்கு வியப்பில்லை. 1926இல் அதன் உதவியுடன் களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பகுதி நிறுவப்பட்டது. அங்கிருந்து பரவிய அமைப்பிலே மருத்துவமாது அரசாங்கச் சம்பளம் பெறும் உத்தியோகத்தரானாள். ஒவ்வொரு கிராமத்துக்கும் உரியவளானாள். மிசிசிப்பி தன் மருத்துவிச்சியைப் பயிற்றியது அவளை அகற்றுவதற்காக. இலங்கை தன் மருத்துவமாதைப் பயிற்றியது நிலைநிறுத்துவதற்காக. பிற்காலத்தில் தாய்மரணத்தைக் குறைப்பதில் இச்சிறு தீவு பெற்ற புகழின் அடித்தளம் அதுவே. எனினும் அவளது சேவை எல்லை தோட்டத்தின் வேலியோடு நின்றுவிட்டது என்பதையும், தோட்டங்கள் அரசுடைமையான 1970களின் பின்னரும் வேலிக்கு உள்ளேயிருந்த தாய்மார் பின்தங்கியே நின்றனர் என்பதையும் மலையகத்துப் பள்ளி ஆசிரியர் எவரும் அறிவர். அது தனியே எழுதப்படவேண்டிய விடயம், மிசிசிப்பிக்குத் திரும்புவோம்.

*

பிரசவம் குடிசையிலிருந்து வைத்தியசாலைக்கு மாறிற்று. வைத்தியசாலை எவருடையது? 1946ஆம் ஆண்டின் ஹில்–பேட்டன் சட்டத்தின்படி, வைத்தியசாலைகளைக் கட்டுவதற்குச் சமஷ்டி அரசு பெருநிதி வழங்கியது. அச்சட்டத்திலேயே, இனங்களுக்குத் தனித்தனியான வசதிகள் ‘சமமாக’ இருப்பின் நிதி பெறலாம் என்றொரு வாசகம் எழுதப்பட்டிருந்தது. பொதுமக்களின் வரிப்பணத்தால் இனப்பாகுபாடு செங்கல்லும் சீமெந்துமாக எழுந்தது. 1963இல், வட கரோலினாவின் கறுப்பினப் பல்வைத்தியர் ஒருவரும் அவருடைய தோழர்களும் தொடுத்த வழக்கிலேதான் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாசகத்தைச் செல்லாதென்றது. அதுவரை பதினேழாண்டுகள், கறுப்பினத் தாயின் வரிப்பணம் அவளை உள்ளே விடாத கதவுகளுக்கு வர்ணம் பூசியது.

அக்கதவுகளைத் தட்டிக்கொண்டிராமல் தமக்கெனக் கதவமைத்தவர்களும் இருந்தனர். மிசிசிப்பி டெல்ராவிலே, பொலிவார் மாவட்டத்தில், மவுண்ட் பாயு என்றொரு சிற்றூர் உண்டு. முன்னாள் அடிமைகள் 1887இல் காடு வெட்டிக் குடியேறித் தாமே ஆண்ட ஊர் அது. ரேபர் சகோதர சங்கம் என்ற கறுப்பின மக்களின் பரஸ்பர உதவிச் சங்கம் 1942இல் அங்கே ரேபோரியன் வைத்தியசாலையைத் திறந்தது. 42 கட்டில்கள்; முதற் பிரதான சத்திரவைத்தியர் ரீ. ஆர். எம். ஹவாட், பின்னாளில் குடியுரிமைப் போராட்டத்தின் முன்னோடிகளுள் ஒருவராக விளங்கியவர். வைத்தியசாலையை நடத்தியது பருத்தி பறிப்போரின் சந்தா. ஆண்டுக்குச் சில டாலர் செலுத்திய உறுப்பினர், குறித்த நாட்களுக்கு வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெறும் உரிமையுடையராயினர். பல மைல்களுக்கு அப்பாலிருந்தும் தாய்மார் பிள்ளைப்பேற்றுக்கு அங்கு வந்தனர். முன்வாயிலால் உள்ளே செல்லக்கூடிய வைத்தியசாலையை அவர்களுட் பலர் அன்றுதான் முதன்முதலாகக் கண்டனர்.

மற்ற வைத்தியசாலைகளை அவர்கள் அஞ்சியதற்குக் காரணம் கூலியும் அவமதிப்பும் மட்டுமன்று. சன்பிளவர் மாவட்டத்துப் பருத்தித் தோட்டத் தொழிலாளியும், பின்னாளில் அந்நாட்டின் வாக்குரிமைப் போராட்டத்தின் பெருங்குரலாக எழுந்தவருமான ஃபானி லூ ஹேமர், 1961இல் ஒரு கட்டியை அகற்றச் சத்திரசிகிச்சைக்குச் சென்றார். அவர் அறியாமலே, அவரது இசைவின்றி, கருப்பையும் அகற்றப்பட்டது. இது அவருக்கு மட்டும் நேர்ந்ததன்று. ‘மிசிசிப்பிக் குடல்வாலறுப்பு’ என்று மக்களே கசப்போடு பெயரிட்டழைக்கும் அளவுக்கு இது வழக்கமாகியிருந்தது. வைத்தியர் சொற்படி நடக்காதவர்கள், காலந்தாழ்த்தி வருபவர்கள் என்று கறுப்பினத் தாய்மாரைக் குறைகூறும் பாடநூல்கள் இந்தப் பக்கத்தை ஏனோ புரட்டுவதில்லை.

*

1960களில் டெல்ராவின் நிலை மிகக் கொடியதாயிற்று. பருத்தி பறிக்கும் இயந்திரமும் களைகொல்லியும் வந்தன. பல்லாயிரம் குடும்பங்கள் தொழிலிழந்தன. பண்ணைத் தொழிலாளருக்கும் குறைந்தபட்சக் கூலிச்சட்டம் 1967இல் விரிவாக்கப்பட்டதும், எஞ்சிய வேலையும் போயிற்று. வாக்காளராகப் பதியத் துணிந்தவன் குடிசையிலிருந்து வெளியேற்றப்பட்டான். இலவசமாக வழங்கப்பட்ட உணவுப் பொருள்களுக்குப் பதிலாக மாவட்டங்கள் உணவு முத்திரைகளைப் புகுத்தின. அம்முத்திரையைக் காசு கொடுத்தே வாங்கவேண்டும். காசோ எவரிடமும் இல்லை. மிசிசிப்பியின் கறுப்பினச் சிசுமரணம் அவ்வாண்டுகளில் ஆயிரத்துக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது. 1967 ஏப்ரிலில் டெல்ராவுக்கு வந்த செனற்றர் ரொபேட் கெனடி, வயிறு வீங்கிய குழந்தைகளைத் தம் கண்ணாற் கண்டு திகைத்தார் என்பதைப் பத்திரிகைகள் பரபரப்பாக எழுதின. ஆனால் அதற்கு முன்னரே அங்கு ஒரு வேலை தொடங்கியிருந்தது.

ஜாக் கைகர் என்னும் இளம் வைத்தியர் மாணவராயிருந்தபோது, 1957இல், தென்னாபிரிக்காவிலே நேற்றால் மாகாணத்துப் பொலேலா என்னும் சூலு மக்களின் ஒதுக்கிடத்துக்குச் சென்றிருந்தார். அங்கே சிட்னி கார்க், எமிலி கார்க் என்ற வைத்தியத் தம்பதியர் 1940இல் ஒரு சுகாதார நிலையத்தை நிறுவி, நோயாளியின் உடம்பை மட்டுமன்றி அவனது கிணற்றையும், தோட்டத்தையும், மலசலகூடத்தையும் வைத்தியத்தின் பகுதியாக்கியிருந்தனர். நிறவெறி அரசு அம்முயற்சியை நெரித்தது. நெரிக்கப்பட்ட அந்த எண்ணம், இன ஒடுக்குமுறையின் இன்னொரு தலைநிலமாகிய மிசிசிப்பிக்குக் கைகரின் மூலம் வந்து சேர்ந்தது. 1964இல் ‘வறுமைக்கெதிரான போர்’ அறிவிக்கப்பட்டபோது, பொருளாதார வாய்ப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த அலுவலகத்திடம் கைகரும் கவுண்ட் கிப்சன் என்ற வைத்தியரும் நிதி கோரினர்.

இங்கேதான் மானியத்தின் வழி முக்கியமாகிறது. அச்சட்டத்தின்படி தம் மாநிலத்துக்கு வரும் மானியத்தை மறுக்கும் உரிமை ஆளுநருக்கு இருந்தது. மிசிசிப்பியின் ஆளுநர் கறுப்பின மக்களின் நிலையமொன்றை அனுமதித்திருப்பாரா? ஆயின் உயர்கல்வி நிறுவனங்களுக்கு வழங்கப்படும் மானியத்துக்கு அந்த மறுப்புரிமை செல்லாது. ஆதலால் பணம் பொஸ்ரன் நகரின் ரவ்ற்ஸ் பல்கலைக்கழகத்தின் பெயரில் எழுதப்பட்டு, ஆயிரத்துக்கு மேற்பட்ட மைல்கள் கடந்து மவுண்ட் பாயுவை அடைந்தது. ஷெப்பேட்–ரவுனர் காலத்து மானியம் சென்ற வழியை இது சுற்றிவளைத்துக் கடந்தது. டெல்ரா சுகாதார நிலையம் 1967 நவம்பரில் நோயாளரை ஏற்கத் தொடங்கியது.

கட்டடம் எழுமுன்னரே ஜோன் ஹச் என்ற கறுப்பின சமூகப் பணியாளர் ஊரூராகச் சென்று, தேவாலயங்களிலும் முற்றங்களிலும் மக்களைக் கூட்டி, உங்களுக்கு வேண்டியது யாது என்று வினவினார். வைத்தியர் வேண்டும் என்பார்கள் என்று பொஸ்ரனிலிருந்து வந்தோர் எதிர்பார்த்தனர். மக்கள் கூறியது வேறு: உணவு வேண்டும், வேலை வேண்டும், ஒழுகாத கூரை வேண்டும், குடிக்க நல்ல நீர் வேண்டும். இக்கூட்டங்களிலிருந்து பத்து ஊர்ச் சுகாதாரச் சங்கங்கள் பிறந்தன. அவற்றின் பிரதிநிதிகளைக் கொண்டு மாவட்ட அளவிலான சபையொன்றும் உருவாயிற்று. இதனைப் படிக்கும்போது நமது கிராம முன்னேற்றச் சங்கங்களின் கூட்டக்குறிப்புகள் என் நினைவுக்கு வந்தன. அங்கும் முதலிற் கேட்கப்படுவது கிணறுதான். மேலிடம் முதலில் அனுப்புவதோ சொற்பொழிவாளரைத்தான்.

போசாக்கின்மையால் மெலிந்த குழந்தைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வைத்தியர்கள் மருந்துச்சீட்டில் உணவுப்பொருள்களின் பெயரை எழுதினர்: இவ்வளவு பால், இவ்வளவு இறைச்சி, இவ்வளவு மரக்கறி. ஊரிலுள்ள கறுப்பினக் கடைக்காரர்கள் சீட்டைப் பெற்றுப் பொருளைக் கொடுத்து, நிலையத்தின் மருந்துச் செலவுக் கணக்கில் பணம் பெற்றனர். வாஷிங்ரனிலிருந்து அதிகாரி ஒருவர் வந்து, மருந்துக்கான நிதியை உணவுக்குச் செலவிடலாகாது என்று கண்டித்தார். பட்டினி என்னும் நோய்க்கு மருத்துவ நூல்கள் கூறும் மருந்து உணவே என்று கைகர் மறுமொழி கூறினார் என்பது இன்று அந்நாட்டு மருத்துவ மாணவர்களிடையே வழங்கும் கதை. ஆனால் அந்த மறுமொழியிலும் பார்க்க முக்கியமானது, மக்கள் அடுத்து எடுத்த அடி. பால் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருப்பதா? நம்மிடம் நிலவறிவு இருக்கிறது. வேலையற்ற கைகள் இருக்கின்றன. நாமே பயிரிடுவோம் என்று அவர்கள் வட பொலிவார் மாவட்டக் கூட்டுறவுப் பண்ணையை அமைத்தனர். பருத்தி ஒன்றையே தலைமுறை தலைமுறையாகப் பிறனுக்கு விளைவித்த கைகள், தம் பிள்ளைகளுக்கெனப் பயறும் கீரையும் வற்றாளையும் விளைவித்தன. பண்ணையின் நிருவாகத்துக்கு உயர்ந்தவர்களுள் ஒருவர் எல். சி. டோர்சி. குத்தகைக் கமக்காரர் வீட்டிலே பிறந்து பருத்தி பறித்து வளர்ந்த அவர், பின்னர் கலாநிதிப் பட்டம் பெற்று, 1988 முதல் 1995 வரை அதே சுகாதார நிலையத்தின் பணிப்பாளராய் விளங்கினார்.

மகப்பேற்றுப் பணிக்குப் பொறுப்பாய் வந்தவர் மேரி ஸ்டெல்லா சிம்ப்சன் என்னும் கத்தோலிக்கக் கன்னியர், பயிற்சி பெற்ற தாதி மருத்துவிச்சி. 1967இல் வந்த அவர் வீடு வீடாகச் சென்றார். பலகை இடுக்கினூடாகக் காற்று வீசும் குடிசைகள், ஒரே படுக்கையில் உறங்கும் பல பிள்ளைகள், மைல் தொலைவிலிருந்து சுமந்து வரும் நீர் என்பனவற்றைத் தம் மடத்துச் சகோதரியருக்குக் கடிதங்களாக எழுதினார். அவை பின்னர் நூலாயின. கர்ப்பிணியைப் பார்க்கச் செல்பவர் கூரைக்குத் தகடும், அடுப்புக்கு விறகும், தொட்டிலுக்குப் பெட்டியும் தேடவேண்டியிருந்தது. நிலையத்தின் சுற்றாடற் பகுதியினர் கிணறு தோண்டினர், மலசலகூடம் அமைத்தனர், யன்னலுக்கு வலையடித்தனர். பழைய மருத்துவிச்சி செய்துவந்த அதே வேலைதான் இது. வேறுபாடு என்னவெனில், இப்போது அதற்குச் சம்பளம் இருந்தது. செய்பவர்களுட் பலர் அந்த ஊரிலேயே பிறந்தவர்களாயிருந்தனர்.

எல்லாம் இணக்கமாக நடந்தது என்று எழுதினால் அது வரலாறாகாது. வெள்ளையின வைத்தியர்கள் எதிர்த்தமை எதிர்பார்க்கக்கூடியதே. மவுண்ட் பாயுவின் கறுப்பினப் பிரமுகர்களுக்கும், சுற்றுப்புறத் தோட்டங்களிலிருந்து வந்த வறிய குத்தகைக்காரருக்கும் இடையே கூட, யார் பேச வல்லார், யாருக்கு வேலை என்பதில் மனத்தாங்கல்கள் இருந்தன. ஒரே இனம் என்பதால் வர்க்கம் மறைந்துவிடுவதில்லை. ரேபோரியன் வைத்தியசாலையும் 1967இல் சமஷ்டி நிதியைப் பெற்று, அயலிலிருந்த போட்டி வைத்தியசாலையுடன் இணைந்து, சமூக வைத்தியசாலையாயிற்று. பருத்தி பறிப்போரின் சந்தாவால் கால் நூற்றாண்டு நின்ற நிறுவனம், பெருநிதி வந்ததும் சந்தாவைக் கைவிட்டது. நிதி சுருங்கியபோது ஊன்றிக்கொள்ள அதற்குக் கோலில்லை. 1983இல் அது மூடப்பட்டது. ஃபானி லூ ஹேமர் 1977இல் தம் கடைசி மூச்சை விட்டது அந்த வைத்தியசாலையிலேயே.

சுகாதார நிலையம் மூடப்படவில்லை. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழகம் விலகி, பொறுப்பு உள்ளூர்ச் சபையின் கைக்கு வந்தது. ஆளுநரின் மறுப்புரிமைக்கெதிரான கேடயமும் அதோடு போயிற்று. ஆயினும் மவுண்ட் பாயுவிலும் பொஸ்ரனின் கொலம்பியா முனையிலும் தொடங்கிய அமைப்பு முறை நாடெங்கும் பரவி, 1975இற் சட்ட வடிவம் பெற்றது. அச்சட்டத்தின் ஒரு நிபந்தனையை ஈண்டுக் கூறாமல் விடுதல் தகாது: நிலையத்தின் நிருவாகசபையில் அரைவாசிக்கு மேற்பட்டோர் அங்கு சிகிச்சை பெறுபவர்களாகவே இருத்தல் வேண்டும். இன்று அத்தகைய அமைப்புகள் ஏறத்தாழ 1,400 உள்ளன. மூன்று கோடிக்கு மேற்பட்ட மக்கள் அவற்றை நாடுகின்றனர். வறுமைக்கெதிரான போர் தோற்றுவிட்டது என்று எழுதுவோர் இந்த எண்ணைத் தவறவிடுகின்றனர்.

*

மருத்துவிச்சியை ஒழித்தபோது அவளுடன் சென்ற பரிவும், பேறுகாலத்துக்கு முன்னும் பின்னும் உடனிருக்கும் பணியும் இப்போது மீண்டும் தேடப்படுகின்றன. கறுப்பின மருத்துவிச்சிகளும், பேறுகாலத் துணைப் பெண்களும், தாய்ப்பாலூட்டல் ஆலோசகர்களும் நகரந்தோறும் சிறு அமைப்புகளை நடத்துகின்றனர். 2016இல் அவர்களுட் பலர் ஒரு தேசியக் கூட்டமைப்பாக இணைந்தனர். 2018 தொடக்கம் ஆண்டுதோறும் ஏப்ரிலில் ஒரு வாரத்தைக் கறுப்பினத் தாய்மாரின் நலத்துக்கென அனுட்டிக்கின்றனர். அவர்களின் முறைப்பாடு நூறாண்டுப் பழைமை உடையது. பெரும் மானியம் பெரும் வைத்தியசாலைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் செல்கிறது. அவை ஒரு சிறு துண்டை உபமானியமாக வெட்டிக் கொடுக்கின்றன. ஓராண்டு முடிந்ததும் அறிக்கை கேட்கப்படுகிறது. இரண்டாம் ஆண்டுக்குப் பணமில்லை. விண்ணப்பம் எழுதத் தெரிந்த நிறுவனம் பணத்தைப் பெறுகிறது. நள்ளிரவில் தாயின் வீட்டுக்குச் செல்லும் பெண் எரிபொருட் செலவைக் கையிலிருந்து கொடுக்கிறாள்.

2019இல் லோரன் அண்டர்வூட், அல்மா அடம்ஸ் என்ற இரு கொங்கிரஸ் உறுப்பினர்கள் கறுப்பினத் தாய்மாரின் நலத்துக்கென ஒரு குழுவை அமைத்தனர். 2020 தொடக்கம் அவர்கள் முன்வைத்துவந்த சட்டமூலத் தொகுதியிலே, பிரசவத்தின் பின் உயிர்நீத்த கறுப்பினத் தாயொருவரின் பெயர் தாங்கிய பகுதி ஒன்றுண்டு. தாய்மாரின் சமூகங்களிலேயே வேரூன்றிய அமைப்புகளுக்கு மானியத்தை நேராக வழங்கவேண்டும் என்பது அதன் சாரம். தொகுதி முழுவதிலும், முன்னாட் படையினராகிய தாய்மாருக்கான பகுதி மட்டும் 2021இற் சட்டமாயிற்று. ஏனையவை 2024 முடியும்வரை நிறைவேறவில்லை. வறியோருக்கான மெடிக்கெயிட் காப்புறுதியைப் பேற்றின் பின் 60 நாட்களிலிருந்து ஓராண்டுக்கு நீட்டிக்கும் வாய்ப்பை 2021ஆம் ஆண்டுச் சட்டமொன்று மாநிலங்களுக்கு அளித்தது. மிசிசிப்பிச் சட்டசபை அதனை ஏற்க 2023 வரை காத்திருந்தது. அதற்கு முந்திய ஆண்டே டெல்ராவின் கிறீன்வூட் நகர வைத்தியசாலை தன் பிரசவப் பகுதியை மூடிவிட்டது. அங்குள்ள தாய்மார் இப்போது பேற்று நோவோடு நெடுஞ்சாலையில் அடுத்த நகர் நோக்கிச் செல்கின்றனர்.

2025 ஆகஸ்டில் மிசிசிப்பி மாநிலச் சுகாதாரத் திணைக்களம் சிசுமரணத்தைப் பொதுச் சுகாதார அவசரநிலையாகப் பிரகடனம் செய்தது. முந்திய ஆண்டில் அம்மாநிலத்திற் பிறந்த ஆயிரம் சிசுக்களுக்கு 9.7 சிசுக்கள் ஓராண்டு நிறையுமுன் இறந்திருந்தன. பத்தாண்டுக்கு மேற்பட்ட காலத்தில் அதுவே மிகவுயர்ந்த வீதம். மவுண்ட் பாயுவின் சுகாதார நிலையம் அப்போதும் திறந்தே இருந்தது. அதன் நிருவாகசபையில் அரைவாசிக்கு மேற்பட்டோர் அங்கு மருந்து வாங்க வருபவர்களே.